எடின்பரோவில் ஓராள் நிற்கும் இடம்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதைச் சொல்ல நான் வெட்கப்படுவதில்லை. பக்கத்து அப்பாட்மென்ட்காரி புதுச் சோபா வாங்கினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனால் சோபா, நகை, வீடு என்று வருகிற வயிற்றெரிச்சல் எல்லாம் இரண்டு நாளில் ஆறிவிடும். ஆறாமல் கிடந்து எரிந்தது ஒரேயொரு நாளைப் பற்றித்தான். அதுவும் நான் இல்லாத நாள். என் கணவர் ஸ்கொட்லாந்தில் எடின்பரோ என்ற நகரத்தில் தன்பாட்டில் சுற்றித் திரிந்த ஒரு வியாழக்கிழமை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ரொறொன்ரோவில், வோபர்ன் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருந்தோம். அவருக்குப் பகலில் பெட்டி செய்யும் தொழிற்சாலை, பின்னேரத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. நான் கேக் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். மூத்தவள் ஊரில் பிறந்தவள், இளையவன் இங்கே பிறந்தவன். அந்த இரண்டு பிறப்புக்கும் நடுவில் ஐந்து வருடம் அவர் இங்கேயும் நான் அங்கேயுமாகக் கிடந்தோம்.

அந்த ஐந்து வருடத்துக்குச் சாட்சியாக எங்கள் ஹோல் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. எடுத்த படமல்ல, ஒட்டின படம். அவர் இங்கே ஒரு ஸ்ரூடியோவில் கோட் போட்டுக்கொண்டு நின்றார். நான் கொழும்பில் ஒரு ஸ்ரூடியோவில் கூறைச்சேலையோடு நின்றேன். இரண்டு பேரையும் வெட்டி, தோளோடு தோள் முட்ட ஒட்டி ஒரே படமாக்கிச் சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பினோம். பிரிந்திருந்த எங்கள் சனம் பாதிப்பேர் அப்போது அப்படித்தான் குடும்பப்படம் எடுத்தது. அதில் என் தலை அவருடைய தலையைவிடப் பெரிது. என் கால் நிலத்தில் முட்டாமல் ஒரு விரற்கடை மேலே நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து "நல்லா இருக்கு" என்பார்கள். பொய்தான், வேறென்ன சொல்லுவார்கள்.

லண்டனில் இருந்த அவருடைய அண்ணர், பெரியபிள்ளையான தன் மகளுக்குச் சாமத்தியவீடு வைத்தபோது தம்பிக்கு மட்டும் டிக்கெட் அனுப்பினார். அவரிடம் கனடியக் கடவுச்சீட்டு இருந்தது. பிந்தி வந்த என்னிடம் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். அதற்கு விசா எடுத்து, வேலையில் லீவு கேட்டு, பிள்ளைகளை ஆரிடமாவது விட்டு, அது நடக்கிற காரியமில்லை. "நீங்கள் போட்டு வாங்கோ" என்று நானே சொன்னேன். அப்படிச் சொன்ன வாயில் எனக்கு நானே ஒரு அடி போட்டிருக்க வேண்டும்.

சாமத்தியவீடு முடிந்த கையோடு, லண்டன் தமிழ்ச்சனம் ஒரு பஸ் பிடித்து ஸ்கொட்லாந்துக்கு மூன்று நாள் சுற்றுலா போனது. அதில் அண்ணர் இவருக்கும் ஓர் இருக்கை எடுத்துக் கொடுத்தார். ஐம்பது பேர், புளிச்சோற்றுப் பார்சல், பஸ் முழுக்கப் பாட்டு. அதுவரைக்கும் எனக்குப் பெரிய எரிச்சல் இல்லை. ஐம்பது பேரோடு பஸ்ஸில் குந்தியிருந்து வாந்தி மணத்துக்குள் போவதில் என்ன சுகம் இருக்கிறது?

வியாழக்கிழமை நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்க, லண்டனில் இருந்து அண்ணரின் மனைவி அழைத்தா.

"பிள்ளை, பயப்பிடாதையும். பஸ் நேற்று வந்திட்டுது. உம்மட மனுசன் வரேல்லை."

"ஏன் அக்கா, என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. எடின்பரோவில இறங்கி நிண்டிட்டாராம். இண்டைக்கு முழுக்க ஆறுதலாச் சுத்திப் பாத்திட்டு நாளைக்கு ரெயின்ல வாறாராம்."

"ஆரோட நிண்டவர்?"

"தனியத்தான் போல."

அந்த "போல" என் நெஞ்சில் கொளுவிக்கொண்டது. சுற்றிப் பார்க்கிறாரா? இந்த மனுசனா? ஞாயிற்றுக்கிழமை என்றால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பகல் முழுக்கத் தூங்குகிற ஆள். நான் வந்து மூன்று வருடத்தில் என்னை நயகராவுக்கு ஒரேயொரு தரம் கூட்டிக்கொண்டு போனார், அதுவும் வந்த விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காக. மற்றப்படி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போகிற இடம் அஜின்கோர்ட் மரக்கறிக்கடை. அங்கேயும் அவர் காருக்குள் இருப்பார், நான்தான் கத்தரிக்காய் பொறுக்குவேன். அப்படிப்பட்டவருக்கு எடின்பரோவில் ஒரு நாள் முழுக்க என்ன வேலை? கூட ஆர்?

அன்றைக்கு இளையவனுக்குக் காய்ச்சல். எனக்குப் பஸ் தவறிவிட்டது. பிந்திப் போனதற்கு வேலைத்தலத்தில் பேச்சு வாங்கினேன். ஒவ்வொரு மூடியையும் அழுத்தி மூடும்போது எடின்பரோ, எடின்பரோ என்றுதான் மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார். ஒரு பிஸ்கட் ரின், எனக்கு ஒரு கட்டம்போட்ட கம்பளிச் சால்வை. சாப்பிட உட்கார்ந்தவர் கதைக்கத் தொடங்கினார். அதுதான் முதல் அதிசயம், ஏனென்றால் அவர் சாப்பிடும்போது கதைக்கிற ஆளே இல்லை.

கட்டடம் எல்லாம் கறுப்புக் கல்லாம், அடுப்படிச் சுவர் புகை பிடித்த மாதிரி. நகரத்தின் நட்டநடுவில் ஒரு பாறையாம், அதன் மேலே கோட்டையாம். கோட்டை வாசலில் இருந்து ஒரு நீளத் தெரு கீழே அரண்மனை வரைக்கும் இறங்குகிறதாம். அந்தத் தெருவின் இரண்டு பக்கமும் ஒடுக்கமான ஒழுங்கைகள், இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் முட்டுமாம். ஒவ்வோர் ஒழுங்கைக்குள்ளும் இறங்கி, அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்ப ஏறி வந்தாராம். ஐந்து நிமிடம் மழை, பத்து நிமிடம் வெயில். சுடலைக்குள் இருந்து சனம் சான்ட்விச் சாப்பிடுகிறதாம். தேத்தண்ணிக் கடை ஒன்றில் ஜன்னலோரம் இருந்து ஒரு மணித்தியாலம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பாவாடை கட்டின ஆம்பிளை ஒருவர் பை வாத்தியம் ஊதினாராம். கோட்டைக்குக் கீழே பூந்தோட்டமாம், அதில் பூவாலேயே ஒரு மணிக்கூடு செய்து வைத்திருக்கிறார்களாம். பிறகு பின்னேரம் ஒரு மலையில் ஏறினாராம்.

"ஏறி?"

"ஏறிப் புல்லில படுத்துக் கிடந்தனான்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியேல்லை. மணிக்கூடு பாக்கேல்லை."

மணிக்கூடு பார்க்கவில்லையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஒரு நாளைக்கு நாற்பது தரம் மணிக்கூடு பார்க்கிறவள். குளிக்கிற இடத்திலும் ஒரு மணிக்கூடு வைத்திருக்கிறேன். கோட்டையும் அரண்மனையும் எனக்கு வேண்டாம். எந்த ஒழுங்கை எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பி வர ஒரு மனுசருக்கு நேரம் இருந்திருக்கிறதே, அந்த நேரம்தான் எனக்கு வேண்டும். இன்னொன்றையும் கவனித்தேன். பூ மணிக்கூடு வரைக்கும் ஆற அமரக் கதைத்தவர், அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் மலைக்குப் போய்விட்டார். நடுவில் ஒரு மணித்தியாலத்தைக் காணவில்லை.

அடுத்த கிழமை படங்கள் கழுவி வந்தன. அந்த ஒரு நாளுக்கென்று ஒரு ரோல், இருபத்துநாலு படம். எங்கள் ஆட்களுக்கு ஆள் நிற்காத படம் படமே இல்லை. மலையையும் கடலையும் மட்டும் எடுத்தால் "றோலை நாசமாக்கிப்போட்டான்" என்பார்கள். எனவே கோட்டை வாசலில் அவர். ஒழுங்கை வாயில் அவர். பை ஊதுகிறவருக்குப் பக்கத்தில் அவர். மலையில் அவர். இருபத்துநாலிலும் அவர்.

தனியாகப் போனவரை ஆர் படம் எடுத்தது?

மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு பொலிஸ்காரர் மாதிரி இருந்தேன். பூ மணிக்கூட்டுக்கு முன்னால் எடுத்த படத்தில் அகப்பட்டது. புல்லின் மேலே, படம் எடுத்த ஆளின் நிழல் விழுந்திருந்தது. பாவாடை. கையில் தொங்கும் கைப்பை. ஐயோ கடவுளே என்று நெஞ்சில் கை வைத்தேன். பிறகு இன்னொன்றும் பிடிபட்டது. எந்தப் படத்திலும் அவர் நடுவில் நிற்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரு கரையோடு ஒதுங்கி நிற்கிறார். பக்கத்தில் சரியாக ஓராள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த இடத்தில் அவள் நின்றிருக்கிறாள். அங்கிருந்து வந்து கமராவை வாங்கி இவரை எடுத்திருக்கிறாள். இவர் அவளை எடுத்த படங்கள் எல்லாம் அவளுடைய ரோலில் இருக்கின்றன!

"படமெல்லாம் ஆர் எடுத்தது?" சும்மா கேட்கிற மாதிரித்தான் கேட்டேன்.

"ரோட்டில போற வாற ஆக்கள்."

"என்னெண்டு கேட்டனீங்கள்?"

"இங்கிலிசிலதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கெட்ட சிரிப்பு. கனடாவில் பீட்சா சொல்லவும் ரெலிபோன் ரிசீவரை என்னிடம் நீட்டுகிற மனுசன். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைச் சந்திக்கப் போனால் எனக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற மனுசன். அவர் எடின்பரோவில் இருபத்துநாலு பேரை மறித்து இங்கிலிஷில் கதைத்தாராம். ஆருக்குப் பேய்க்காட்டுகிறார்? அந்தக் கிழமை முழுக்கக் கறிக்கு உப்பை அள்ளிப் போட்டேன். அவர் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை பொறுக்க முடியவில்லை. அந்த நிழல் படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அஜின்கோர்ட் ஸ்ரூடியோவுக்குப் போனேன். எங்கள் ஆட்களின் கலியாணம், பிறந்தநாள் எல்லாம் எடுக்கிற கடை. வீடியோ கசட்டும் வாடகைக்குக் கொடுப்பார்கள். கடைக்கார இளைஞருக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியும்.

"தம்பி, உந்த நிழலைப் பெரிசாக்கித் தருவீரோ? முகம் ஏதும் தெரியுதோ எண்டு பாக்கத்தான்."

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா, நிழலைப் பெரிசாக்கினா பெரிய நிழல்தான் வரும். முகம் வராது." பிறகு சிரித்துக்கொண்டே, "அது கிடக்கட்டும். நீங்கள் எப்ப வாறியள் படம் எடுக்க? அண்ணை நெகற்றிவைத் தந்திட்டுப் போய் நாலு நாளாச்சு."

"என்ன படம்?"

"உங்களை ஒட்டத்தான். உங்களுக்குத் தெரியாதோ? எல்லாத்திலையும் பக்கத்தில இடம் விட்டெல்லோ நிண்டிருக்கிறார். முடிஞ்சவரை வெயிலும் ஒரே பக்கத்தால விழுற மாதிரித்தான் நிண்டிருக்கிறார், கெட்டிக்காரன். நீங்கள் வெள்ளைத் திரைக்கு முன்னால நிண்டு உடம்பை இப்பிடிக் கொஞ்சம் திருப்பினாச் சரி. நீலச் சேலை எண்டு சொன்னவர்." அவர் குரலைத் தணித்தார். "முந்தி மாதிரி இல்லை அக்கா. இப்ப கொம்பியூட்டரில செய்யிறம். கால் நிலத்தில முட்டும்."

அந்த இடத்தில் எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் யோசித்தது படத்தில் ஒட்டப்போகிற அந்த நீலச் சேலைக்காரியைப் பற்றித்தான். அவளுக்கு விசா வேண்டாம். அவளுக்கு லீவு வேண்டாம், அவளுடைய பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. அவள் கோட்டை வாசலில் நிற்பாள், ஒழுங்கைக்குள் இறங்குவாள், மலையில் என் புருசனுக்குப் பக்கத்தில் நின்று சிரிப்பாள். கால்கூட நிலத்தில் முட்டுமாம். சத்தியமாகச் சொல்கிறேன், எந்தப் பெண்ணைக் கண்டும் எனக்கு அப்படி எரிந்ததில்லை.

"ஒட்ட வேண்டாம் தம்பி" என்று நெகற்றிவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவர் குசினியில் நின்று இறால் உரித்துக்கொண்டிருந்தார். நெகற்றிவ் உறையை அவருக்கு முன்னால் வைத்தேன்.

"என்னை ஒட்டப் பாத்தனீங்களோ?"

"சொல்லிப்போட்டானோ, விசரன்." அவர் நிமிரவில்லை. "உமக்குச் சொல்லாமல் செய்விச்சுத் தருவம் எண்டு நினைச்சனான். உம்மை விட்டிட்டுப் பாக்க அந்தரமாக் கிடந்தது."

"அந்தரமா இருந்த ஆள் ஏன் நிண்டனீங்கள்? பஸ்ஸில ஏறி வந்திருக்கலாமே?"

"பஸ்ஸில மூண்டு நாளும் இறங்கு, ஏறு, இறங்கு, ஏறு. இஞ்சயும் உதுதானே. ஒரு நாளைக்கு ஆரும் என்னை ஏறு எண்டு சொல்லாமல் இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

"இங்கிலிஷ்?"

"அங்க என்னை ஆருக்கும் தெரியாது. பிழையாக் கதைச்சாலும் நாளைக்கு அவையளைக் காணத் தேவையில்லை."

"அப்ப உந்த நிழல் ஆர்? பாவாடைக்காரி?"

அவர் இறாலை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். கழுவி முடித்த பிறகும் தண்ணீரை நிறுத்தவில்லை.

"அந்தக் கோட்டையில ஒவ்வொரு நாளும் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பாங்களாம். நேரம் காட்டுறதுக்கு. எனக்கென்ன தெரியும்? பூ மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனான். தலைக்கு மேல டமார் எண்டுது. நான் அப்பிடியே குப்புற விழுந்து படுத்திட்டன். காதைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு."

ஷெல் விழும்போது காது வெடிக்காமல் இருக்க ஊரில் நாங்கள் எல்லாரும் பழகினது அது.

"தலையை நிமித்திப் பாத்தா எல்லாரும் கையைத் திருப்பி மணிக்கூட்டைச் சரி பாக்கினம். நான் மட்டும் நிலத்தில. ஒரு கிழவி வந்து தூக்கி விட்டுது. உடுப்பில புல்லைத் தட்டி விட்டு, பக்கத்து மரவாங்கில இருத்தி, பிளாஸ்க்கில இருந்து தேத்தண்ணி ஊத்தித் தந்துது. ஏனெண்டு ஒண்டும் கேக்கேல்லை. நான் குடிச்சு முடியுமட்டும் பக்கத்தில இருந்துது. முடிஞ்ச பிறகு என்ன கதைக்கிறதெண்டு தெரியாமல் கமராவை நீட்டினன்."

படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். களிசானின் இரண்டு முழங்காலிலும் ஈரச்சேறு. ஒரு கிழமையாக அந்தப் படத்தைப் பார்க்கிறேன். நிழலைப் பார்த்த நான் முழங்காலைப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அதற்குள்ளும் பாருங்கள், அந்தக் கிழவி மேல் பொறாமை வந்தது. அந்த வாங்கில் நான் இருந்திருக்க வேண்டும்.

"நீங்கள் எண்பத்தெட்டில வெளிக்கிட்ட ஆள்" என்று சண்டை பிடித்தேன். "குண்டு போடுற பொம்மரைப் பாத்தது நான். விழுறதெண்டால் நானெல்லோ விழ வேணும்?"

"நீர் நிண்டிருந்தா எனக்கு முதல் நீர்தான் விழுந்திருப்பீர்."

"ஓம். உங்களையும் இழுத்துக்கொண்டுதான் விழுந்திருப்பன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிய நான் சொன்னேன், "எனக்கு ஒட்டின படம் வேண்டாம். ஒரு நாள் வேணும்."

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் உடம்புக்கு வருத்தம் என்று பொய் சொல்லி லீவு எடுத்தோம். இளையவனைப் பக்கத்து அப்பாட்மென்ட் சோபாக்காரியிடம் விட்டேன். மூத்தவளையும் பள்ளிக்கூடத்தால் கூட்டி வருவதாக அவ சொன்னா. நல்ல பெண்தான். பஸ் எடுத்து, சப்வே எடுத்து, ஏரிக்கரைக்குப் போய், அங்கிருந்து படகில் தீவுக்குப் போனோம். நீலச் சேலைக்கு மேலே குளிர்கோட்டும் அவர் கொண்டுவந்த சால்வையும் போட்டிருந்தேன். எந்தப் பாதை எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்து நடந்தோம். ஒன்று குப்பைத்தொட்டியில் முடிந்தது. புல்லில் படுத்தும் பார்த்தேன். பத்து நிமிடத்தில் முதுகு குளிர்ந்தது, இளையவன் சாப்பிட்டானோ என்று மனம் கிடந்து அடித்தது. கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் கண்டும் காணாத மாதிரி வேறு பக்கம் பார்த்தார்.

திரும்பும்போது அவர் நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மறித்து, "எக்ஸ்கியூஸ் மீ, வன் பிக்சர் பிளீஸ்" என்றார். ரொறொன்ரோவில், என் கண் முன்னால். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர் பழக்கதோசத்தில் ஒரு கரைக்குப் போய் நின்றார். நான் மற்றப் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் கமராவைக் கண்ணில் வைத்துவிட்டு எடுத்து, இரண்டு கையாலும் கிட்ட வாங்கோ, கிட்ட வாங்கோ என்று காட்டினாள். அவர் ஓர் அடி வந்தார், நான் ஓர் அடி வந்தேன். அதற்கு மேல் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஆட்களுக்கு முன்னால் முட்டிக்கொண்டு நின்று எங்களுக்குப் பழக்கமில்லை.

எடின்பரோவுக்கு நான் இன்றுவரை போகவில்லை. ஒரு மணி அடித்தால் இப்போதும் கொஞ்சம் எரியும். தீவுப் படத்தைப் பழைய ஒட்டுப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். பழையதில் தோளோடு தோள். புதியதில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் ஓராள் நிற்க இடமிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், இதில் எது ஒட்டின படம் என்று சொல்லுங்கோ பார்ப்போம் என்று கேட்பேன். தூரத்தில் நின்று பார்க்கிறவர்கள் எல்லாரும் தீவுப் படத்தைத்தான் காட்டுவார்கள்.